கூட்டத்தின் முன் பேசும் தைரியம்: அது எங்கிருந்து வருகிறது, எப்படி வளர்ப்பது

நண்பர்கள் மத்தியில் வாய் ஓயாமல் பேசுகிறவர்கூட, முப்பது பேர் வரிசையாக உட்கார்ந்து தன்னையே பார்க்கிறார்கள் என்றதும் தடுமாறிப் போகிறார். விஷயம் தெரியாமல் இல்லை; பேசத் தெரியாமலும் இல்லை. "எனக்குத் தைரியம் பத்தாது, அது வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வாய்ப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப்போடுகிறார். இந்த எண்ணம்தான் தலைகீழ். தைரியம் முதலில் வந்து, பேச்சு அதன் பின்னால் வருவதில்லை. சின்ன அளவில், சரியாகத் தயாரித்துக்கொண்டு, பேசப் பேசத்தான் தைரியம் சேர்கிறது. அப்படித் தயாரிப்பது எப்படி, எந்த இடத்தில் கோட்டை விடுகிறோம் என்று பார்ப்போம்.

உடம்பில் என்ன நடக்கிறது?

நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது, வயிற்றைப் பிசைகிறது. எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். ஆபத்து என்று மூளை முடிவுகட்டியதும், சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கலக்கின்றன. சண்டை போடவோ தப்பி ஓடவோ உடம்பு ஆயத்தமாகிவிடுகிறது. அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் வால்ட்டர் கேனன் 1915-இல் இதை விளக்கினார். கை கால்களின் பெரிய தசைகளுக்கு ரத்தம் கூடுதலாகப் போக வேண்டியிருப்பதால் இதயம் வேகமெடுக்கிறது. தோலுக்கும் வயிற்றுக்கும் போகும் ரத்தம் குறைகிறது; விரல் சில்லிடுவதும் வயிறு கலங்குவதும் அதனால்தான். உமிழ்நீர் குறைவதால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஓடுவதற்காக இறுகிய தசைகள் ஓட வழியில்லாமல் நடுங்குகின்றன.

பிறர் நம்மை எடைபோடுகிறார்கள் என்பதை மனித மூளை நிஜமான ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993-இல், ஆய்வுக்கூடத்தில் மன அழுத்தத்தை வரவழைக்க ஒரு சோதனை முறையை வெளியிட்டார்கள். பங்கேற்பவர் கொஞ்ச நேரம் தயாரித்துக்கொண்டு, முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுவர்கள் முன் 5 நிமிடம் பேச வேண்டும். பிறகு அவர்கள் எதிரிலேயே மனக்கணக்குப் போட வேண்டும். இவ்வளவுதான். பெரும்பாலானவர்களுக்குக் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறிவிடுகிறது. உலகெங்கும் ஆய்வாளர்கள் இன்றும் இதையே பயன்படுத்துகிறார்கள். அழுத்தத்தை உண்டாக்குவதற்கென்றே விஞ்ஞானிகள் மேடைப் பேச்சைத் தேர்ந்தெடுத்திருக்கும்போது, உங்கள் கைநடுக்கத்தை உங்கள் தனிப்பட்ட குறையாக எண்ணத் தேவையே இல்லை.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படபடப்பு உச்சத்தில் இருப்பது உங்கள் பெயரை அழைக்கும் நேரத்திலும், பேசத் தொடங்கிய முதல் ஓரிரு நிமிடங்களிலும்தான். இடத்தைவிட்டு ஓடாமல் நின்று பேசினால் பெரும்பாலும் தானாகவே இறங்கத் தொடங்கும். ஆகவே முழுப் பேச்சையும் நினைத்து மலைக்க வேண்டாம். கடக்க வேண்டியது முதல் நிமிடத்தை.

தைரியம் எங்கிருந்து சேர்கிறது?

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் இதற்கு ஒரு தெளிவான விளக்கம் கொடுத்தார். "இந்தக் குறிப்பிட்ட வேலையை என்னால் செய்ய முடியும்" என்று ஒருவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் மதிப்பீட்டைத்தான் அவர் ஆராய்ந்தார். அந்த மதிப்பீடு நான்கு வழிகளில் உருவாகிறது: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை, அந்த நேரத்தில் உடம்பு காட்டும் அறிகுறிகள். நான்கிலும் வலுவானது முதலாவது. "உன்னால் முடியும்" என்று ஆயிரம் முறை கேட்பதைவிட, ஐந்து பேர் முன்னால் இரண்டு நிமிடம் பேசி முடித்த அனுபவம் கூடுதலாகச் சேர்த்துத் தரும். கண்ணாடி முன் நின்று தன்னைத்தானே பாராட்டிக்கொள்ளும் பயிற்சிகளை நம்பி மேடை ஏறுகிறவர்கள் ஏமாந்துபோவது இதனால்தான்.

ஆனால் எப்படியாவது ஏறிப் பேசிவிட்டால் போதும் என்றும் இருந்துவிட முடியாது. ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1965-இல் எடுத்துக்காட்டிய ஒரு விஷயம் இங்கே மிக முக்கியம்: பிறர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நன்றாகப் பழகிய செயல் மேலும் நன்றாக வரும், சரியாகப் பழகாத செயல் இன்னும் மோசமாகும். பார்வையாளர்கள் நம்மிடம் எது பதிந்திருக்கிறதோ அதைத் தூண்டிவிடுகிறார்கள். தயாரிக்காமல் ஏறினால் தடுமாற்றம்தான் பதிந்திருக்கும். அதுவே பெரிதாக வெளிவரும். அப்படி இரண்டு முறை சறுக்கினால் "நமக்கு இது ஆகாது" என்ற முடிவு உறுதிப்பட்டுவிடும்.

ஒத்திகை என்றால் வாய்விட்டுச் சொல்வது

ஸ்லைடுகளை மூன்று முறை புரட்டிப் பார்த்துவிட்டுத் தயாராகிவிட்டோம் என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய பிழை. மனதுக்குள் ஓட்டிப் பார்க்கும்போது வாக்கியம் முழுமையாக இருப்பதில்லை. பாதியிலேயே "அதான் தெரியுமே" என்று மூளை தாவிவிடும். அந்தத் தாவிய இடத்தில்தான் மேடையில் வாய் நின்றுபோகும். எனவே எழுந்து நின்று, கூட்டத்துக்குக் கேட்கும் குரலில், முழு வாக்கியங்களாகச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, தேனீக்களின் ஆட்டத்தைப் பற்றி 7 நிமிடம் பேச வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். முதலில், கேட்பவர்கள் கதவைத் தாண்டும்போது நினைவில் வைத்திருக்க வேண்டிய ஒரே வாக்கியத்தை எழுதுங்கள்: "பூ இருக்கும் இடத்தைத் தேனீ தன் ஆட்டத்தாலேயே மற்ற தேனீக்களுக்குச் சொல்லிவிடுகிறது." இதற்கு உதவாத தகவல் எவ்வளவு சுவையானதாக இருந்தாலும் வெளியே போகட்டும். 7 நிமிடத்துக்கு மூன்று கருத்துகளுக்கு மேல் தாங்காது.

அடுத்து, தொடக்கத்தின் மூன்று வாக்கியங்களையும் முடிவின் இரண்டு வாக்கியங்களையும் சொல்லுக்குச் சொல் எழுதி மனப்பாடம் செய்யுங்கள். "ஒரு தேனீ கூட்டுக்குத் திரும்பியதும் ஆடத் தொடங்குகிறது. சுற்றியிருக்கும் தேனீக்கள் அந்த ஆட்டத்தைக் கவனிக்கின்றன. சற்று நேரத்தில் அவையும் அதே பூக்களைத் தேடிப் பறந்துவிடுகின்றன." இந்த மூன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். படபடப்பு உச்சத்தில் இருக்கும் நேரத்தில் யோசித்துச் சொல்ல வேண்டிய வேலையே இருக்கக் கூடாது என்பதுதான் நோக்கம். "எல்லாருக்கும் வணக்கம், எனக்கு ரொம்பப் பதற்றமாக இருக்கிறது, தப்பாகப் பேசினால் மன்னிக்கவும்" என்று ஆரம்பித்தால், யாருமே கவனிக்காத நடுக்கத்தை நீங்களே விரல் நீட்டிக் காட்டியதாகிவிடும்.

நடுப்பகுதியை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். மனப்பாடம் ஒரு சங்கிலி; ஒரு கண்ணி அறுந்தால் அடுத்ததைப் பிடிக்க வழியில்லை. அதற்குப் பதில் உள்ளங்கை அளவு அட்டை ஒன்றில் ஐந்து முதல் ஏழு குறிப்புச் சொற்களைப் பெரிதாக எழுதுங்கள். இந்தப் பேச்சுக்கான அட்டை இப்படி இருக்கும்: "ஆட்டம் / கோணம் – சூரியன் / நேரம் – தூரம் / ஃபிரிஷ், 1973 நோபல் / முடிவு". ஆடும் கோணம் சூரியனைப் பொறுத்துத் திசையைக் காட்டுகிறது, உடலை அசைத்தபடி ஓடும் நேரம் தூரத்தைக் காட்டுகிறது, இதைக் கண்டறிந்தவர் கார்ல் ஃபான் ஃபிரிஷ் என்பதெல்லாம் அந்தச் சொற்களைப் பார்த்ததும் வந்துவிடும். ஒவ்வொரு ஒத்திகையிலும் வாக்கியம் கொஞ்சம் மாறத்தான் செய்யும், மாறட்டும். ஒரே கருத்தை நான்கு விதமாகச் சொல்லிப் பழகியவரிடம் ஒரு விதம் மறந்தாலும் மூன்று மிச்சமிருக்கும். முழுப் பேச்சையும் தாளில் எழுதிக் கையில் பிடித்துக்கொண்டு போவதில் இன்னொரு சங்கடம்: கை நடுங்கினால் மெல்லிய தாள் அதைப் பல மடங்காக்கிக் காட்டும். தடித்த அட்டை காட்டாது.

ஐந்தாறு முறை முழுதாகச் சொல்லிப் பாருங்கள். ஒரே இரவில் வேண்டாம். மூன்று நான்கு நாட்களில் பிரித்துச் செய்தால் நன்றாகப் பதியும். ஒரு முறையாவது கைப்பேசியில் வீடியோ எடுங்கள். தன் குரலைக் கேட்பது எல்லாருக்கும் முதலில் கூச்சமாகத்தான் இருக்கும், ஏனென்றால் நம் குரல் நமக்குக் காது வழியாக மட்டுமல்லாமல் மண்டை எலும்பு வழியாகவும் கேட்டுப் பழகியிருக்கிறது. பதிவில் அந்தப் பங்கு இல்லை. ஒரு பதிவில் ஒரே ஒரு குறையை மட்டும் தேடுங்கள். முதல் முறை வேகம், அடுத்த முறை "வந்து", "அதாவது" போன்ற இட்டுநிரப்பல்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தப் போனால் எதுவும் திருந்தாது.

நேரத்தைப் பொறுத்தவரை, தரப்பட்டதில் 80 முதல் 85 சதவீதத்துக்கு மட்டும் தயாரியுங்கள்: 10 நிமிடம் கொடுத்தால் எட்டு, எட்டரை. முன்னால் பேசியவர் நேரத்தைத் தின்றிருப்பார், மைக் கோளாறு செய்யும், யாராவது இடையில் கேள்வி கேட்பார்கள். கையில் நேரம் குறைந்ததும் வேகம் கூடும், வேகம் கூடினால் மூச்சு குறையும், மூச்சு குறைந்தால் பயம் திரும்பவும் தலைகாட்டும். நிமிடத்துக்கு 130 முதல் 150 சொல் என்று ஆங்கிலப் பேச்சுக்குச் சொல்லும் கணக்கைத் தமிழுக்கு அப்படியே எடுக்காதீர்கள்; நம் சொற்கள் விகுதிகளோடு சேர்ந்து நீளமானவை. உங்கள் இயல்பான பேச்சை ஒரு நிமிடம் பதிவு செய்து சொற்களை எண்ணுங்கள். அதுதான் உங்கள் அளவு.

நடுக்கம் வெளியே தெரிகிறதா?

நீங்கள் நினைக்கும் அளவுக்குத் தெரிவதில்லை. நம் உள்மனக் கலக்கம் கண்ணாடி வழியாகத் தெரிவதுபோல் மற்றவர்களுக்குத் தெரிகிறது என்று நாம் மிகையாகக் கணிக்கிறோம். கென்னத் ஸவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பேசப் போகிறவர்கள் சிலரிடம் இந்த உண்மையை முன்கூட்டியே விளக்கிச் சொன்னார்கள். அதைத் தெரிந்துகொண்டு பேசியவர்களின் பேச்சை அவர்களும் உயர்வாக மதிப்பிட்டார்கள், கேட்டவர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள். இதயம் எப்படி அடிக்கிறது என்பது முதல் வரிசையில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. உங்களுக்கு யுகம்போல் நீளும் மூன்று வினாடி மௌனத்தை, நீங்கள் யோசிப்பதாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார்.

இதோடு சேர்ந்த இன்னொரு பிழை, பேசும்போது தன்னையே கவனித்துக்கொண்டிருப்பது. "கை எங்கே இருக்கிறது, குரல் உடைகிறதா" என்று பாதி மனம் உள்ளே காவல் காத்தால், பேச்சுக்கு மிஞ்சுவது பாதி மனம்தான். கவனத்தை வெளியே தள்ள எளிய வழி: ஒரு கருத்தை ஒரு முகத்தைப் பார்த்துச் சொல்லி முடியுங்கள், அடுத்த கருத்துக்கு அரங்கின் வேறு பக்கத்தில் இன்னொரு முகம். தலையாட்டிக் கேட்கும் ஒருவர் எந்தக் கூட்டத்திலும் இருப்பார், அவரிடமிருந்து தொடங்குங்கள். எல்லார் தலைக்கும் மேலே பின்சுவரைப் பார்த்துப் பேசச் சொல்லும் பழைய அறிவுரையை விட்டுவிடலாம். கேட்பவர் புரிந்துகொண்டாரா என்ற தகவலே அதில் உங்களுக்குத் திரும்பி வராது.

பேசப் போகும் அரை மணி நேரம்

முன்கூட்டியே போய், நிற்கப்போகும் இடத்தில் ஒரு முறை நின்று பாருங்கள். ஸ்லைடைத் திரையில் போட்டுக் கடைசி வரிசையிலிருந்து படிக்க முடிகிறதா என்று பாருங்கள். தமிழ் எழுத்துரு வேறு கணினியில் சிதைந்துபோகும் ஆபத்து எப்போதும் உண்டு. யூனிகோடில் தட்டச்சு செய்து, ஒரு பிடிஎஃப் நகலையும் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். மைக்கைத் தட்டிப் பார்க்கவோ ஊதிப் பார்க்கவோ வேண்டாம்; பேசிப் பாருங்கள். கையில் பிடிக்கும் மைக் என்றால் வாய்க்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரு கைமுட்டி இடைவெளி, உயரம் மோவாய் மட்டம். ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே போய் நின்றால் கீச்சென்று கத்தும்.

மூச்சுப் பயிற்சியில் ஒரே ஒரு விதி போதும்: உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும். நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். இரண்டு மூன்று நிமிடம். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்று மந்தமாகும். அதை நீட்டுவதுதான் இந்தப் பயிற்சி. ஆழமாக இழுத்து இழுத்து வேகமாக விட்டால் பலன் தலைகீழ்: தலை சுற்றும், விரல் மரத்துப்போகும்.

"பதறாதே, அமைதியாக இரு" என்று உங்களுக்கே சொல்லிக்கொள்வதில் பெரிய பயன் இல்லை. துடிக்கும் இதயத்தை அமைதி என்று நம்பவைக்க முடியாது. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பேசியவர்கள், "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொன்னவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். உற்சாகத்திலும் இதயம் வேகமாகத்தான் அடிக்கும் என்பதால் மனம் அந்த மாற்றத்தை ஏற்றுக்கொள்கிறது. இடுப்பில் கைவைத்து வீரனைப்போல் இரண்டு நிமிடம் நின்றால் ஹார்மோன்களே மாறும் என்று 2010-இல் வெளிவந்த முடிவோ, 2015-இல் கூடுதல் பேரை வைத்துச் சோதித்தபோது உறுதிப்படவில்லை. நிமிர்ந்து நிற்பது மூச்சுக்கும் குரலுக்கும் நல்லது. அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேடையில்

பெயரை அழைத்ததும் நடந்துகொண்டே பேசத் தொடங்காதீர்கள். போய், இரண்டு பாதங்களையும் தோள் அகலத்தில் ஊன்றி, ஒரு மூச்சை முழுதாக வெளியே விட்டு, ஒரு முகத்தைப் பார்த்த பிறகு முதல் வாக்கியம். கைகளைப் பைக்குள்ளோ முதுகுக்குப் பின்னாலோ ஒளித்து வைக்காமல் இடுப்புக்குச் சற்று மேலே தளர்வாக வையுங்கள். பேச்சோடு சேர்ந்து அவையே அசையும்.

இட்டுநிரப்பல் வருகிற இடத்தில் வாயை மூடிக்கொள்ளப் பழகுங்கள். "ம்ம்…" வரும் இடமெல்லாம் மௌனம் வந்தால், அதே பேச்சு நிதானமானதாகக் கேட்கும். ஒவ்வொரு கருத்தும் முடிந்ததும் ஒரு முழு மூச்சு அளவு நிறுத்துங்கள். கேட்பவர்களுக்கு அது ஜீரணிக்கும் நேரம், உங்களுக்கு அட்டையைப் பார்க்கும் நேரம்.

நடுவில் எல்லாம் மறந்துபோனால்? இதற்கும் ஒத்திகை உண்டு. கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை வேறு சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள். பெரும்பாலும் அடுத்தது அதிலிருந்தே வந்துவிடும். வராவிட்டால் ஒரு மிடறு தண்ணீர், பிறகு அட்டை. அதுவும் உதவாவிட்டால் அடுத்த குறிப்புச் சொல்லுக்குப் போய்விடுங்கள். நீங்கள் எதை விட்டீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஸ்லைடு சிக்கலில் மாட்டிக்கொண்டால் பவர்பாயின்ட்டில் ஸ்லைடு ஓடும்போது விசைப்பலகையின் 'பி' எழுத்தை அழுத்துங்கள். திரை கறுத்துவிடும், எல்லார் கண்ணும் உங்களிடம் திரும்பும். மறுபடி அழுத்தினால் ஸ்லைடு வந்துவிடும்.

கேள்வி நேரத்துக்குப் பேச்சைவிடக் கூடுதலாகப் பயப்படுகிறவர்கள் பலர். வரக்கூடிய ஐந்து கேள்விகளை முன்பே எழுதி, அவற்றில் நீங்கள் மிகவும் பயப்படும் ஒன்றுக்கு வாய்விட்டுப் பதில் சொல்லிப் பாருங்கள். மேடையில் கேள்வியை முதலில் திருப்பிச் சொல்லுங்கள். பின்வரிசைக்கும் கேட்கும், உங்களுக்கும் நான்கு வினாடி கிடைக்கும். தெரியாததற்கு "இந்தத் தகவல் இப்போது என்னிடம் இல்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்பதே முழுமையான பதில். ஊகித்துச் சொன்ன ஒரு தவறான பதில், அதுவரை பேசிய சரியான விஷயங்களையும் சேர்த்துச் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

படிப்படியாக ஏறுங்கள்

பயம் குறைய, பயப்படும் சூழலில் போதுமான நேரம் தங்கி, ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று பார்த்துப் பழக வேண்டும். எடுத்த எடுப்பில் 300 பேர் முன்னால் நிற்கத் தேவையில்லை. உங்கள் பயத்துக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை மதிப்பெண் போட்டு, மூன்றில் நிற்கும் ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள். கைப்பேசி கேமரா முன் இரண்டு நிமிடம், வீட்டில் ஒருவர் முன், நான்கு நண்பர்கள் முன், வேறொருவரின் கூட்டத்தில் எழுந்து ஒரே ஒரு கேள்வி, பிறகு நன்றியுரை அல்லது ஒருவரை அறிமுகம் செய்வது, அதன் பிறகு ஐந்து நிமிடப் பேச்சு. ஒவ்வொரு படியிலும் பயம் பாதியாகக் குறையும்வரை அதையே திரும்பச் செய்யுங்கள். வாரம் ஒரு முறை பேசுவது ஆறு மாதத்துக்கு ஒரு முறை பேசுவதைவிட எவ்வளவோ மேல். இடைவெளி நீண்டால் பயம் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். 1924-இல் கலிபோர்னியாவில் தொடங்கி இன்று பல நாடுகளில் இயங்கும், மேடைப் பேச்சுப் பயிற்சிக்கான டோஸ்ட்மாஸ்டர்ஸ் கழகங்களின் பலமும் இதுதான்: பொதுவாக 5 முதல் 7 நிமிடப் பேச்சு, நேரம் காட்டும் பச்சை, மஞ்சள், சிவப்பு அடையாளங்கள், உடனே ஒருவரின் மதிப்பீடு, மறுபடி அடுத்த கூட்டம்.

பலமுறை பேசியும் பயம் குறையவில்லை என்பவர்கள் ஒன்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஸ்லைடையே பார்த்துப் படிப்பது, மேசையை இறுகப் பிடித்துக்கொள்வது, யார் கண்ணையும் பார்க்காமல் கடகடவென்று ஒப்பித்து இறங்கிவிடுவது என்று ஏதாவது ஒரு கவசத்தோடு பேசினால், "கவசம் இருந்ததால் தப்பித்தேன்" என்றுதான் மூளை கணக்கெழுதும். ஒவ்வொரு பேச்சிலும் ஒரு கவசத்தை மட்டும் கழற்றிப் பாருங்கள்.

பள்ளி, வேலை, நேர்காணல் என்று எல்லாவற்றையும் தவிர்க்கும் அளவுக்குப் பயம் இருந்து, அது ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்தால், அதைச் சமூகப் பதற்றக் கோளாறு என்று மருத்துவம் அடையாளம் காண்கிறது. எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இதற்கு நன்கு பலன் தருகிறது. மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ தயங்காமல் போகலாம். நடுக்கத்தைக் குறைக்கச் சிலர் எடுக்கும் புரோப்ரனலால் மாத்திரையை நண்பர் சொன்னார் என்று வாங்கி விழுங்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்தாக முடியலாம். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே.

பேசி முடித்த அன்றே ஐந்து நிமிடம் ஒதுக்கி மூன்று வரி எழுதுங்கள்: எது நன்றாக வந்தது, எங்கே தடுமாறியது, அடுத்த முறை எந்த ஒன்றை மாற்றுவது. இரண்டு நாள் கழித்து எழுதினால் தடுமாறியது மட்டும்தான் நினைவில் நிற்கும். நன்றாக வந்த இடங்கள் மறந்துபோயிருக்கும்.